தெம்பாவின் தகப்பனார் எங்கள் அடுக்களையில் இருந்த காலம்

1

இதைப் படிக்கத் தொடங்குமுன் அடுக்களைக்குப் போய் உங்கள் வீட்டுத் தேங்காய்த் துருவியை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். துருவிதானா என்று நன்றாகப் பார்க்க வேண்டும். துருவிதான் என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். போன மாதம் வரைக்கும் நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

நான் யேசுவடியான். இரணியலுக்குத் தெற்கே பிறந்து, மகாயுத்தத்துக்கு முன்னால் கப்பலேறி, தென்னாப்பிரிக்காவில் டர்பன் பட்டணத்தில் வந்து விழுந்தவன். இங்கே ஒரு ஹோட்டலில் துணிகளுக்கெல்லாம் நான் பொறுப்பு. மேசைவிரிப்பு, படுக்கைவிரிப்பு, துரைமார் வாய் துடைக்கிற துண்டு எல்லாம் என் கைவழியாகத்தான் போய் வரும். பயம் வந்தால் எனக்கு முதலில் முழங்கால் ஆடும். அதற்குப் பிறகுதான் மூளைக்குச் சேதி போகும். ஊரில் என்னோடு பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் இன்னும் உயிரோடிருந்தால் இதற்குச் சாட்சி சொல்வார்கள்.

என் மனைவி ஞானப்பூ பின்னால் வந்தவள். அவளுடைய தகரப்பெட்டியைத் துறைமுகத்தில் ஓர் அதிகாரி குடைந்து பார்த்தார். வேதபுத்தகம், புளி, கருப்பட்டி, கடைசியில் அடியிலிருந்து பழந்துணியில் சுற்றிய ஓர் இரும்பு நாக்கு. நுனி விரிந்து, சுற்றிலும் பல் வெட்டியது. அதிகாரி அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆயுதமா?" என்றார். "சமையல்" என்றேன். என் முழங்காலைப் பார்த்துவிட்டு இன்னும் சந்தேகப்பட்டார். கடைசியில் ஞானப்பூ பெட்டிமேல் குத்தவைத்து, இல்லாத தேங்காயை இல்லாத துருவியில் துருவிக் காட்டிய பிறகுதான் விட்டார்.

வடசேரிக் கொல்லன் அடித்த நாக்கு அது. அவளுடைய அம்மா தன் துருவியிலிருந்து கழற்றிக் கொடுத்தது. கட்டை பெரிது, பெட்டியில் அடங்கவில்லை என்று நாக்கை மட்டும் கொண்டுவந்திருந்தாள். இங்கே வந்து வெகுகாலம் அது உட்கார இடமில்லாமல் அலைந்தது. மேசைக்காலில் கட்டினாள், மேசை நகர்ந்தது. ஜன்னல் படியில் ஆணியடித்தாள். வீட்டுக்காரன் சண்டைக்கு வந்தான். தேங்காய் என்னவோ சான்சிபாரிலிருந்து கப்பலில் வந்துகொண்டுதான் இருந்தது. அதைத் துருவுவதுதான் பெரும்பாடு.

2

தெம்பா எங்கள் ஹோட்டலில் சலவைக்கூடத்துக் கொதிகலனுக்கு விறகு போடுகிறவனாக இருந்தான். சூலு ஆள். என் வயதுதான், ஆனால் என்னைவிட இரண்டு பங்கு அகலம். எங்கள் ஆட்கள் இந்த மண்ணின் மக்களை ஒரு பொதுப்பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள். தெம்பா அதைக் கேட்டால் பதில் சொல்லமாட்டான். பெயரைச் சொன்னால் மலையளவு சிரிப்பான். நான் கொடுக்கும் அழுக்குத்துணியும் அவன் போடும் நெருப்பும் சேர்ந்துதான் ஹோட்டல் வெள்ளையாக இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் குடும்பம் இருந்த பண்ணையிலிருந்து பண்ணைத்துரை எல்லாரையும் வெளியேறச் சொல்லிவிட்டார். மனைவியும் மகளும் மைத்துனன் வீட்டுக்குப் போனார்கள். தெம்பா தங்கச்சுரங்கத்துக்குப் புறப்பட்டான். போகும்முன் ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து கோணியில் சுற்றிய ஒரு மரச்சாமானை என்னிடம் நீட்டினான். ஒரு முழ நீளம், ஒரு சாண் உயரம். கறுப்பேற்றிய மரம். நடுவில் லேசாகக் குழிந்து, கீழே குட்டிக்குட்டியாகக் கால்கள்.

"இது என் தகப்பனாருடையது. அவர் இறந்துவிட்டார். மைத்துனன் வீட்டில் இதை வைக்க முடியாது, அது அவர்களுடைய தகப்பன்மார் இடம். நீ வைத்துக்கொள். வீட்டுக்குள்ளே வை. தனியாக விடாதே" என்றான்.

சூலு பாஷையில் எனக்கு அவன் சிரிப்பு மட்டும்தான் முழுதாகப் புரியும். தகப்பனார் உட்கார்ந்த பலகை, மழையில் நனையவிடாதே என்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். ஞானப்பூவிடம் அப்படியே சொன்னேன். அவள் அதை அடுக்களையில் வைத்தாள். மறுநாள் அதன்மேல் உட்கார்ந்து பார்த்தாள். அதற்கு மறுநாள் நான் வேலையிலிருந்து வரும்போது வீட்டில் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. சர், சர், சர் என்று, சொந்த ஊரில் கேட்பது போலவே. இரும்பு நாக்கை இரண்டு திருகாணி போட்டு முறுக்கியிருந்தாள். அவள் உடம்புக்கு அளவெடுத்துச் செய்தது போல் இருந்தது அந்தக் கட்டை.

"பாத்தியளா? இருக்கதுக்கு நல்ல தோது. தெம்பாவுக்க அப்பன் நல்லா இருக்கட்டும்" என்றாள்.

அன்றைக்கு வைத்த அவியலை நான் இன்னும் மறக்கவில்லை. நாலு வருஷம் அப்படிப் போயிற்று.

போன மாதம் சலவைக்கூடத்துப் பையன் ஒருவன் சேதி கொண்டுவந்தான். தெம்பா திரும்பிவிட்டான். உள்நாட்டில் நிலம் கிடைத்து வீடு கட்டியிருக்கிறான். மகளுக்குக் கல்யாணம். சனிக்கிழமை வந்து தகப்பனாருடைய சாமானை எடுத்துப்போவான். எனக்கு ஒரே சந்தோஷம். திருகாணியைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தால் போகிறது என்று இருந்தேன்.

3

சேதி வந்த அதே வாரத்தில்தான் என் மகள் கிரேஸுடைய பள்ளிக்கூடத்தில், சூலு மக்களின் கைவேலைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவரச் சொன்னார்கள். நகரத்துக் காட்சிசாலையைப் போய்ப் பார்க்க வேண்டும், கூட ஒரு பெரியவர் வர வேண்டும். எனக்கு அன்று பிற்பகல் ஓய்வு.

கிரேஸைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கேயே பிறந்தவள். கணக்குப் போடுவது இங்கிலீஷில், சண்டை போடுவது சூலுவில், சோறு கேட்பது மட்டும் தமிழில். அவள் தமிழ் பேசும்போது ஒவ்வொரு வார்த்தையையும் கழுவிக் காயவைத்து எடுத்துத் தருவது போல் இருக்கும். நம் பக்கத்து இழுவையே கிடையாது.

காட்சிசாலை வாசலில் எங்களை உள்ளே விடுவார்களா என்று எனக்குத் திகில். இந்த நாட்டில் நான் குடியிருக்கலாம் என்பதற்கு இரண்டு பெருவிரலும் பதித்த ஒரு கடுதாசி உண்டு. அதில்லாமல் நான் முடிவெட்டக்கூடப் போவதில்லை. வாசலில் நின்ற கிழட்டுத் துரையிடம் அதை விரித்து நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்தார். பிறகு, "இங்கே செத்தவைகளுக்கு மட்டும்தான் சீட்டு ஒட்டுகிறோம். குடையை மட்டும் வைத்துவிட்டுப் போ" என்றார். கிரேஸ் எனக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை என்பது போல் பத்தடி முன்னால் நடந்துவிட்டாள்.

உள்ளே சூலு அறை. எல்லாம் கண்ணாடிக்குள். நான் முதலில் வாத்தியார் வேலையை எடுத்துக்கொண்டேன். பனைமரத்துச் சாதியைச் சேர்ந்த ஏதோ ஓலையில் முடைந்த ஒரு கூடை, குடம் போல் வயிறு வைத்தது. அதில் பீர் ஊற்றி வைப்பார்களாம், சொட்டுக் கசியாதாம். கிரேஸ் நம்பவில்லை.

"ஓலையிலே எப்படித் தண்ணீர் நிற்கும், அப்பா?"

"மக்ளே, நான் பனையோலைப் பட்டையிலே அக்கானி குடிச்சு வளந்தவனாக்கும். பனைக்கு அடியிலே நிண்ணுக்கிட்டு, ரெண்டு கையாலயும் பட்டையப் பிடிச்சு, சுண்ணாம்பு மணத்தோட."

"அக்கானி என்றால்?"

பனையே பார்க்காத பிள்ளைக்குப் பதனீரை எப்படிச் சொல்வது? "அது குடிச்சாத்தான் தெரியும்" என்று முடித்துக்கொண்டேன்.

அடுத்தது புகைபோட்டுக் கறுப்பேற்றிய மண்பானை. உடம்பு முழுக்க மரு மருவாகக் குமிழ் வைத்திருந்தது. தூக்கினால் வழுக்காமலிருக்க என்று நான் விளக்கம் கொடுத்தேன். சீட்டில் வேறேதோ எழுதியிருந்தது. வீட்டுக்காரன் முதலில் தான் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டுத்தான் விருந்தாளிக்குப் பானையை நீட்ட வேண்டும், அதுதான் மரியாதை என்று கிரேஸ் வாசித்தாள். நம் ஊரில் விருந்தாளிக்கு முன் வீட்டுக்காரன் குடித்தால் கதை வேறு.

பாசிமணி வேலைக்கு முன்னால் அவள் வெகுநேரம் நின்றாள். பிறகு இன்னொரு சீட்டு. கல்யாணமான சூலுப் பெண் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது. அந்தப் பெயரில் வரும் ஒலிகளைக்கூட விட்டு, வேறு வார்த்தை போட்டுப் பேச வேண்டுமாம். இதைக் கேட்டு நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஞானப்பூவும் புருஷன் பெயர் சொல்லாதவள். என் பெயர் யேசுவடியான். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஜெபத்தில் ரட்சகர், மீட்பர், ஆட்டுக்குட்டியானவர் என்று சுற்றிவளைத்துத்தான் போகிறாள். சூலுப் பெண்கள் அவளைப் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார்கள்.

சிரித்தபடியே அடுத்த கண்ணாடிக்கு நகர்ந்தேன். அங்கே எங்கள் துருவி இருந்தது.

இரும்பு நாக்கு இல்லை. மற்றபடி அதே நீளம், அதே உயரம், அதே கறுப்பு, அதே குட்டிக் கால்கள். என் முழங்கால் தொடங்கிவிட்டது.

"அதில என்ன மக்ளே எழுதியிருக்கு?"

கிரேஸ் வாசித்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் கழுவிக் கொடுத்தாள். "இது தலையணை. மரத் தலையணை. கல்யாணப் பெண் தனக்கும் புருஷனுக்கும் கொண்டுவருவாள். அடுத்தவர் தொடுவது மரியாதை இல்லை. ஆள் இறந்தால் கூடவே புதைப்பார்கள். இல்லையென்றால் மகன் வைத்துக்கொள்வான். இதன் வழியாகத்தான் இறந்த தகப்பனோடு பேசுவான்." என் பக்கம் திரும்பினாள். "அப்பா, நம்ம வீட்டிலே…"

"தெரியும் மக்ளே."

"அம்மா அதன்மேலே…"

"தெரியும்னு சொன்னேன்லா."

தெம்பாவின் தகப்பனார் தலை வைத்த இடம். வீட்டில் ஒரு நல்லநாள் கெட்டநாளுக்கு அவரைக் கூப்பிட்டால் வந்து நிற்கிற இடம். அந்த இடத்தில் என் மனைவி நாலு வருஷமாக எதை வைத்திருந்தாள் என்று எழுத முடியாது, இது சபையார் படிக்கிற பத்திரிகை. குடையை வாசலிலேயே மறந்துவிட்டு வந்தேன்.

4

"ஏட்டி ஞானப்பூ, எழும்பு. அதிலருந்து எழும்பு."

அவள் பாதித் தேங்காயோடு உட்கார்ந்திருந்தாள். "என்னத்துக்கு?"

"அது தெம்பாவுக்க அப்பன்."

"வெயிலிலே நடந்து வந்தியளா?"

கிரேஸ் விவரம் சொன்னாள். ஞானப்பூ மெதுவாக எழுந்தாள். கட்டையைப் பார்த்தாள். முந்தானையால் அதன் நடுவைத் துடைத்தாள். "அய்யோ பாவம் மனுசன்" என்றாள். என்னைச் சொன்னாளா, அவரைச் சொன்னாளா தெரியவில்லை. "சனியாழ்ச்ச வருவாருல்லா, நடந்ததச் சொல்லிருவோம்."

"சொல்லாண்டாம். மக கல்யாணத்துக்கு அப்பன்கிட்டச் சொல்லணும்னு வாறான். ஒனக்க அப்பன்மேல எனக்க பொண்டாட்டி இருந்து தேங்கா திருவினான்னு எந்த வாயால சொல்லுவேன்? நாளைக்கு அவன் எனக்க முகத்துல முழிப்பானா?"

இந்த ஊரில் என்னை நம்பி ஒரு பொருளை ஒப்படைத்த ஆள் அவன் ஒருவன்தான். அவனும் போய்விட்டால், எனக்குத் துணிமூட்டையும் பெருவிரல் கடுதாசியும்தான் மிச்சம்.

திருகாணியைக் கழற்றினேன். மரத்தில் இரண்டு ஓட்டைகள் கண்விழித்துப் பார்த்தன. மெழுகுவத்தியை உருக்கி, அதில் பூட்சுக்குப் போடும் கறுப்பு மையைக் குழைத்து ஓட்டைகளில் அடைத்தேன். மேலெல்லாம் அதே மையைத் தேய்த்து மெருகேற்றினேன். ஆவிகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் தேய்க்கும்போது, "அய்யா, தப்பா எடுத்துக்கிடாதிங்க" என்று இரண்டு தடவை மட்டும்தான் சொன்னேன். பிறகு ஹோட்டலிலிருந்து வெளுத்துவந்த மேசைவிரிப்பில் ஒன்றைக் கொண்டுவந்து அதைச் சுற்றிக் கட்டினேன். பார்க்க ஏதோ பெரிய துரை வீட்டுப் பரிசு போல இருந்தது.

"தேங்காயெண்ண எறங்கின மரம். இதெல்லாம் நிக்காது" என்றாள் ஞானப்பூ. நான் காதில் வாங்கவில்லை.

5

சனிக்கிழமை நல்ல கோடை வெயில். எங்களுடையது தகரக்கூரை. தெம்பா கோட்டும் தொப்பியுமாக வந்தான். முடி பாதி நரைத்திருந்தது. உட்கார்ந்தான். சூலு மரியாதைப்படி வந்த காரியத்தை உடனே பேசக்கூடாது. ஞானப்பூ எப்படி, கிரேஸ் எப்படி, என் முழங்கால் எப்படி, ஊரிலிருந்து கடுதாசி வருகிறதா, மழை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் நிதானமாகத் தலையாட்டினான். அவன் தலையாட்டும் ஒவ்வொரு தடவைக்கும் எனக்கு ஒரு வயது கூடியது.

ஞானப்பூ தேயிலைத் தண்ணீர் கொண்டுவந்தாள். கிரேஸ் என் காதில், "அப்பா, நீங்க முதல்லே" என்றாள். காட்சிசாலைப் பானை ஞாபகம் வந்து, கொதிக்கக் கொதிக்க அவன் கோப்பையிலிருந்தே ஒரு வாய் குடித்தேன். நாக்கு வெந்தது. தெம்பா கோப்பையை வாங்கிக்கொண்டு கிரேஸைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். "யார் சொல்லிக்கொடுத்தது?" என்று அவளிடம் கேட்டான். அவள் வெட்கப்பட்டாள்.

பிறகு, "என் தகப்பனாரைக் கொண்டு வா" என்றான்.

மூட்டையைக் கொண்டுவந்து அவன் முன் வைத்தேன். வெள்ளை மேசைவிரிப்பு. அவன் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். துணியின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. அது பெரிதாயிற்று. பக்கத்தில் இன்னொன்று.

"என் தகப்பனாருக்கு வேர்க்கிறது" என்றான் தெம்பா.

அவனே முடிச்சை அவிழ்த்தான். மெழுகு உருகி இரண்டு ஓட்டைகளிலிருந்தும் கறுப்பாக வடிந்துகொண்டிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தான்.

"வாழ்நாள் முழுக்க வெறுங்காலில் நடந்த மனுஷன். அவருக்கு எதற்கு பூட்ஸ் மை?"

"பூச்சி அரிச்சுட்டுது தெம்பா. அதான் கொஞ்சம்…"

"இரண்டு பூச்சியா?"

"ரெண்டு."

"அளவெடுத்து அரித்ததா?"

 ஞானப்பூ உள்ளே போனாள். அரிசிப்பானைக்குள் நான் ஒளித்துவைத்திருந்த இரும்பு நாக்கை எடுத்துவந்து அவன் முன்னால் பாயில் வைத்தாள். தரையில் உட்கார்ந்தாள்.

"மக்கா, நான் சொல்லுதத அப்படியே அவருகிட்டச் சொல்லு. கூட்டாண்டாம், குறைக்காண்டாம்" என்று கிரேஸிடம் சொல்லிவிட்டுத் தொடங்கினாள். "இவருக்க மேல தப்பில்ல. நான்தான் ஆணி வச்சேன். தனியா விடாதன்னு நீங்க சொன்னியளாம். எங்க வீட்டுல எப்பவும் ஆளிருக்கது அடுக்களையிலதான், அதான் அங்க வச்சேன். இருக்கதுக்குத் தோதா இருந்தது, இருந்தேன். ஒங்களுக்க அப்பனுக்கத் தலையாக்கும்னு தெரிஞ்சிருந்தா, வேதபுத்தகத்துக்குப் பக்கத்துல வச்சிருப்பேன். தெரியாமப் போச்சு."

கிரேஸ் சொன்னாள். எங்கள் பிள்ளை சூலுவில் அவ்வளவு சரளமாகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. தெருவில் கேட்கிற சண்டைச் சூலு அல்ல அது. தாழ்ந்த குரலில், பெரியவர்கள் முன் பேசுவது போல.

"இவள் இதன்மேல் உட்கார்ந்தாளா?" என்றான் தெம்பா.

"ஆமா" என்றாள் ஞானப்பூ.

"தினமும்?"

"ஞாயித்துக்கிழமையும்."

அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மகள் கல்யாணத்தன்று புதுவீட்டின் பின்பக்கத்தில் இதை வைத்துத் தகப்பனாரிடம் சொல்ல வேண்டும். அவர் கோபித்துக்கொண்டு வரவில்லையென்றால் கல்யாணம் தகப்பனில்லாத கல்யாணம் என்றான். இப்போதே அவரைக் கேட்டுவிடுகிறேன் என்றான். கட்டைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குந்தினான். உள்ளங்கைகளை மெதுவாகத் தட்டி, பெயர் பெயராக ஏதோ சொன்னான். தகப்பனார், தாத்தா, அவருக்கு மேலே, அவருக்கும் மேலே. எனக்கு என் தாத்தாவுக்கு மேல் ஒரு பெயரும் தெரியாது. பிறகு நடந்ததைச் சொன்னான். தேங்காய் என்ற இடத்தில் அவனுக்கு வார்த்தை கிடைக்காமல் கையால் சுரண்டிக் காட்டினான்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தான். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். சுவரும் ஆடியது போலிருந்தது.

வெகுநேரம் கழித்து ஞானப்பூவைப் பார்த்துக் கேட்டான். "இதில் உட்கார்ந்து வேலை செய்யும்போது சும்மா இருப்பாயா, பேசுவாயா?"

"பேசாம எப்படி? இவரத் திட்டுவேன்."

"எதற்கு?"

"எதுக்குன்னு இல்ல. குடைய எங்கயாச்சும் வச்சிட்டு வருவாரு. எதுக்கெடுத்தாலும் நடுங்குவாரு. ஒரு தேங்கா முடியது வரைக்கும் திட்டுவேன்."

கிரேஸ் இதை மொழிபெயர்த்த வேகத்தைப் பார்த்தால் அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை இருந்திருக்கும் போலும்.

தெம்பாவின் தோள் முதலில் குலுங்கியது. பிறகு அந்தப் பழைய மலைச்சிரிப்பு வந்தது. "என் தகப்பனாருக்கு உலகத்தில் பிடித்தது ஒன்றுதான். அடுத்த வீட்டுக்காரன் பெண்டாட்டியிடம் திட்டு வாங்குவதைக் கேட்பது. அதற்கென்றே வேலியோரத்தில் உட்கார்ந்திருப்பார்."

"நம்ம பேச்சு அவருக்குப் புரிஞ்சிருக்குமா?" என்று கேட்டேன். 

"நாலு வருஷம் தினமும் கேட்டால் புரியாதா?"

அதற்குப் பிறகு அவன் இரும்பு நாக்கைக் கையில் எடுத்தான். "இதையும் கொடு" என்றான்.

 ஞானப்பூவைப் பார்த்தேன்.

"நாலு வருஷம் அவரோடு இருந்தது. அவர் மேல் நின்று வேலை செய்தது. இதைப் பிரித்துவிட்டு அவரை மட்டும் கொண்டுபோனால், வீட்டுக்குப் போனதும் கேட்பார். அது எங்கே, அந்த அம்மாள் எங்கே என்று. அம்மாளைக் கொண்டுபோக முடியாது. இதையாவது கொண்டுபோகிறேன்."

 ஞானப்பூவின் அம்மா இப்போது இல்லை. அந்த வீட்டிலிருந்து அவளோடு கடல் தாண்டிய இரும்பு அது ஒன்றுதான். தெம்பாவின் கையிலிருந்து அதைத் திரும்ப வாங்கினாள். தரமாட்டாள் என்று நினைத்தேன். முந்தானையால் பல்லிடுக்கில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவைத் துடைத்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள். அவனும் இரண்டு கையாலும் வாங்கினான்.

திருகாணியை அவனே போட்டான். நான் திருப்புளி எடுத்துக் கொடுத்தேன். என் பங்கு அவ்வளவுதான். துருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினான். வெயிலில் நாக்கு மின்னியது. முக்கில் நின்ற போலீஸ்காரர் அவனை நிறுத்தி, சூலு ஆட்கள் பட்டணத்தில் நடமாட வைத்திருக்க வேண்டிய சீட்டைக் கேட்டார். காட்டினான். தோளிலிருப்பது என்ன என்று கேட்டிருப்பார் போல. தெம்பா சொன்ன பதில் எங்கள் வாசல்வரை கேட்டது. "என் தகப்பனார்." போலீஸ்காரர் நாக்கைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். தகப்பனாருக்குச் சீட்டு இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

அடுத்த மாதம் கல்யாணம். எங்கள் மூன்று பேருக்கும் அழைப்பு. ஞானப்பூவைத் தகப்பனார் பக்கத்தில் உட்கார வைப்பார்களாம். நான் எங்கே உட்காருவது என்று கேட்டதற்கு, வேலியோரம் என்று பதில் வந்திருக்கிறது.

6

இப்போது எங்கள் வீட்டில் தேங்காயைக் கத்தியால் கீறி அம்மியில் வைத்து அரைக்கிறோம். தேங்காய்ப்பூ போட்டு வதக்கும் துவரன் துவரனாக இல்லை. அவியலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஞானப்பூ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல இந்தக் கடைசிப் பகுதியை எழுதுகிறேன். நம் பக்கத்திலிருந்து யாராவது கப்பலேறினால் ஒரு துருவி கொடுத்துவிட வேண்டும். பல் நெருக்கமாக இருக்க வேண்டும். நாக்கு சின்னதாக வளைந்திருக்க வேண்டும். துறைமுகத்தில் கேட்டால் ஆயுதம் இல்லை என்று தைரியமாகச் சொல்லுகிற ஆளாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். என்னைப் போன்ற ஆள் வேண்டாமாம்.

முக்கியமாக, நாக்கை மட்டும் அனுப்பாதீர்கள். பெட்டியில் அடங்காவிட்டாலும் பரவாயில்லை, கட்டையையும் சேர்த்தே அனுப்புங்கள். இந்த நாட்டில் எந்த மரம் யாருடைய அப்பன் என்று எங்களுக்குத் தெரியவில்லை.